கலாவாவோவில் பதினாறு ஆண்டுகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் ஹவாய்த் தீவுகள் இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். 19ஆம் நூற்றாண்டிலோ அது தனி நாடு. மன்னரும் நாடாளுமன்றமும் சொந்தச் சட்டங்களும் கொண்ட நாடு. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்து தங்கிய துறைமுகங்களும், புதிதாகத் தோன்றிய கரும்புத் தோட்டங்களுமே அதற்கு வருமானம் தந்தன.

அந்த நாட்டின் மக்கள்தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. 1778ஆம் ஆண்டில் கேப்டன் குக்கின் கப்பல்கள் அங்கு வந்தன. அதற்குப் பிறகு வந்த வெளிநாட்டுக் கப்பல்கள் சரக்குகளோடு நோய்களையும் இறக்கிவிட்டுச் சென்றன. பெரியம்மை, தட்டம்மை, சளிக்காய்ச்சல் போன்றவற்றை அத்தீவு மக்களின் உடல் அதற்கு முன் அறிந்ததே இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத காரணத்தால் ஊர் ஊராக மக்கள் மாண்டனர். 1872ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களையும் சேர்த்து, நாட்டில் 57,000 பேர்கூட இல்லை.

இத்தகைய அச்சமான காலத்தில்தான் தொழுநோயும் பரவியது. மற்ற நோய்கள் சில நாள்களில் உயிரைப் பறித்துவிடும். தொழுநோய் அப்படியன்று. அது தோலையும் தோலுக்கு அடியிலுள்ள நரம்புகளையும் மெல்ல மெல்லத் தாக்கும். நரம்புகள் பழுதானால் கைகால்களில் உணர்ச்சி போய்விடும். நெருப்புச் சுட்டாலும் முள் தைத்தாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகும். புண் விரல்களைத் தின்னும். சிலருக்குக் கண் இமைகள் மூடாமல் போய்ப் பார்வையும் பறிபோகும். இன்று மாத்திரைகளால் முற்றாகக் குணப்படுத்தக்கூடிய இந்த நோய்க்கு அன்று மருந்தே இல்லை. அது எப்படித் தொற்றுகிறது என்பதும் யாருக்கும் விளங்கவில்லை.

அரசாங்கம் பயந்தது. 1865ஆம் ஆண்டில், மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. தொழுநோய் என ஐயப்படும் எவரையும் பிடித்துப் பரிசோதிக்கவும், நோய் உறுதியானால் அவரைத் தனிமைப்படுத்தவும் சுகாதார வாரியத்திற்கு அச்சட்டம் அதிகாரம் தந்தது. தாயிடமிருந்து பிள்ளையையும் கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்துக் கொண்டுசென்றனர். ஹவாய் மக்கள் அந்நோய்க்கு வைத்த பெயர்களுள் ஒன்றுக்குக் குடும்பத்தைப் பிரிக்கும் நோய் என்பது பொருள். நோயின் அறிகுறியைக் கொண்டு அவர்கள் பெயர் வைக்கவில்லை. சட்டம் செய்த வேலையைக் கொண்டே பெயர் வைத்தார்கள்.

தனிமைப்படுத்துவதற்கு மொலோக்காய்த் தீவின் வடகரையில் ஓர் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடலுக்குள் நாக்கைப் போல நீண்டிருக்கும் ஒரு தீவகற்பம் அது. மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கம் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் மலைச்சுவர். சுவர் எழுப்பாமலே இயற்கை கட்டி வைத்த சிறை என்று சொல்லலாம். அங்கு ஏற்கெனவே வாழ்ந்துவந்த குடியானவர்களின் நிலங்களை அரசாங்கம் வாங்கியது. 1866ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் முதல் குழு அங்கு இறக்கிவிடப்பட்டது. ஆண்கள் ஒன்பது பேர், பெண்கள் மூன்று பேர். தீவகற்பத்தின் கிழக்குப் பகுதியான கலாவாவோ என்னும் இடத்தில் அவர்கள் தங்கினர்.

அரசாங்கத்திற்கு ஒரு கணக்கு இருந்தது. நிலம் இருக்கிறது, பழைய குடியானவர்கள் விட்டுச்சென்ற வீடுகளும் சேம்புக் கொல்லைகளும் இருக்கின்றன. நோயாளிகள் உழுது பயிரிட்டுத் தாமே பிழைத்துக்கொள்வார்கள். கருவூலத்திற்குச் செலவு குறையும். இந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்பதைக் கண்டறியப் பெரிய அறிவு தேவையில்லை. உணர்ச்சியற்ற கைகளால் மண்வெட்டியைப் பிடிப்பது எப்படி? புண்பட்ட கால்களால் நீர் சுமப்பது எப்படி? மேலும், குடும்பத்தைப் பறிகொடுத்து, இறப்பதற்காகவே அனுப்பப்பட்டவர்களுக்கு அடுத்த ஆண்டு அறுவடையைப் பற்றி என்ன அக்கறை இருக்கும்? உணவும் உடையும் பற்றாக்குறையாயின. வலுவுள்ளவர்கள் மெலிந்தவர்களிடமிருந்து பறித்துக்கொண்டனர். குடிப்பழக்கம் பெருகியது. செத்தவர்களைச் சரியாகப் புதைக்கக்கூட ஆளில்லை.

இருந்தாலும் அங்கு அன்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நோயில்லாத கணவனோ மனைவியோ உறவினரோ, நோயாளிக்குத் துணையாகத் தாமும் வந்து தங்கினர். கோகுவா என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். உதவுபவர் என்பது அதன் பொருள். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் வரலாற்றில் இடம்பெறவில்லை. வெளியுலகம் அறிந்துகொண்ட பெயர் வேறொருவருடையது. அவர் தொலைதூர நாடொன்றிலிருந்து வந்தவர்.

யோசேப் தெ வூஸ்டர் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பெல்ஜியத்திலுள்ள திரமெலோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். மகன் வணிகத்தைக் கவனித்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்த்தார். மகனோ அண்ணனைப் பின்பற்றித் துறவற சபையொன்றில் சேர்ந்து, டேமியன் என்னும் துறவுப் பெயரை ஏற்றார். அண்ணன் பாம்பில் ஹவாய்க்குச் சமயப் பணிக்காக அனுப்பப்பட இருந்தார். புறப்படும் நேரத்தில் அவர் கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணனுக்குப் பதிலாகத் தம்மை அனுப்பும்படி டேமியன் பாரிசிலிருந்த தலைமைக்கே நேராகக் கடிதம் எழுதினார். அப்போது அவர் படிப்பை முடித்துக் குருவாகவும் ஆகவில்லை. உள்ளூர் மேலாளர்களைத் தாண்டி இப்படி எழுதியது முறையன்று. ஆனாலும், அனுமதி கிடைத்தது. நேரம் கடத்தாமல் மேலிடத்திற்குக் கடிதம் எழுதிவிடும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹொனலூலு வந்து இறங்கியவர், அவ்வாண்டு மே மாதமே குருவானார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஹவாய் என்னும் பெரிய தீவில் பணியாற்றினார். எரிமலைச் சரிவுகளில் குதிரையிலும் கால்நடையாகவும் அலைந்து, ஹவாய் மொழியை நன்றாகப் பேசக் கற்றார். நாக்குக்கு இசைந்தபடி மக்கள் அவரைக் காமியானோ என்று அழைத்தனர். கிராமங்களில் சிறு தேவாலயங்களைத் தம் கையாலேயே கட்டினார். மரம் சுமப்பதும் ஆணி அடிப்பதும் அவருக்குக் கைவந்த வேலையாயின. பிற்காலத்தில் அவருக்கு மிகவும் பயன்பட்டது இந்தத் தச்சுவேலைதான்.

1873ஆம் ஆண்டில் தொழுநோய்ச் சட்டம் மேலும் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மொலோக்காய்க்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் கத்தோலிக்கரும் இருந்தனர். தங்களோடு தங்கியிருக்க ஒரு குரு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அங்குப் போகிறவர் திரும்பி வராமலே போகலாம் என்பதால் ஆயர் யாரையும் கட்டாயப்படுத்த விரும்பவில்லை. நான்கு குருமார்கள் முன்வந்தனர். முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகச் சில மாதங்கள் தங்குவது என்று முடிவாயிற்று. முதல் முறை டேமியனுக்குக் கிடைத்தது. அவருக்குப் பின் அடுத்தவர் முறை வரவே இல்லை. போனவர் அங்கேயே இருந்துவிட்டார்.

மே மாதம் 10ஆம் நாள், நோயாளிகளை ஏற்றிச் சென்ற கப்பலிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. குடியிருப்பில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். குருவுக்கென்று வீடு எதுவும் இல்லை. தேவாலயத்தின் அருகே நின்ற ஒரு தாழை மரத்தின் அடியில்தான் தொடக்க நாள்களில் அவர் படுத்துறங்கினார்.

நோயாளியைத் தொடக் கூடாது என்பது அன்றைய எச்சரிக்கை. டேமியனும் அதை அறிந்தே வந்தார். முதல் நாள்களில் புண்களிலிருந்து எழுந்த நாற்றத்தை அவராலும் தாங்க முடியவில்லை. தேவாலயத்திலிருந்து வெளியே ஓடிவந்து காற்றை இழுத்துவிட்டு மீண்டும் உள்ளே போவார். நாற்றத்தை மறைக்கவே புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். ஆனால், ஹவாய் மக்களிடம் தூரமாக நின்று பழக முடியாது. ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாரும் விரலால் சேம்புக் களியை எடுத்து உண்பது அவர்கள் வழக்கம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட மறுப்பது அவமதிப்பு. டேமியன் அவர்களோடு அமர்ந்து அதே பாத்திரத்தில் உண்டார். தம் புகைக்குழாயையும் கேட்டவர்களிடம் கொடுத்தார். புண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். மருத்துவமனையில் உதவியாளராக இருந்து நோயுற்ற ஒருவரே இந்தச் சிகிச்சை முறைகளை அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில், நோய் தம்மை அணுகுவதற்கு வெகு முன்பே, நோயாளிகளைக் குறிப்பிடும்போது தம்மையும் அவர்களோடு சேர்த்தே எழுதினார்.

அவர் கண்ட வீடுகள் வீடுகளே அல்ல. மரக்கிளைகளை நட்டு, இலைகளோ கரும்புத் தோகையோ வேய்ந்த குடிசைகள். ஈரமும் இருட்டும் நிறைந்த அவற்றுக்குள் பலர் நெருக்கியடித்துப் படுத்திருந்தனர். அவர் வந்த சிறிது காலத்தில் பெருங்காற்றொன்று வீசியது. உளுத்துப்போன குடிசைகள் பல ஒரே அடியாகச் சாய்ந்தன. நோயாளிகள் மழையில் கிடந்தனர். டேமியன் இதைச் சுகாதார வாரியத்தின் காதில் விழும்படி சொன்னார். பலகைகளும் மரச் சட்டங்களும் அனுப்பப்பட்டன. வேலை செய்ய முடிந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு, தரையிலிருந்து சற்று உயர்த்திய சிறுசிறு மரவீடுகளைக் கட்டினார். சுவர்களுக்கு வெள்ளை அடித்தனர். சற்றுப் பணம் வைத்திருந்தவர்கள் தங்களுக்கென்று தனி வீடு கட்டிக்கொள்ளவும் அவர் உதவினார். சில ஆண்டுகளில் கலாவாவோ ஓர் ஊரைப் போலத் தோற்றம் கொண்டது.

தண்ணீரின் கதையும் இதைப் போன்றதே. குடிக்கவும் குளிக்கவும் புண் கழுவவும் வேண்டிய நீரைத் தொலைவிலிருந்த பள்ளத்தாக்கிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. விரல் இழந்தவர்களுக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்குவதே பெரும்பாடு. நடக்க முடியாதவர்களோ, அடுத்தவர் கொண்டுவந்து கொடுத்தால்தான் குடிக்க முடியும். நீர்க் குழாய்கள் வந்து சேர்ந்தபோது, அவற்றைப் பதிப்பதில் டேமியனும் நோயாளிகளும் சேர்ந்து உழைத்தனர். பிறகு, ஒரு பள்ளத்தாக்கின் உள்ளே வற்றாத நீர்நிலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆள்களைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனார். மலையடிவாரத்தில் ஒரு வட்டமான குளம் இருந்தது. கரையிலிருந்து பத்தடி தள்ளி அளந்து பார்த்தபோது ஆழம் 18 அடி. நீரோ பனிக்கட்டியைப் போலக் குளிர்ந்திருந்தது. ஒரு குருவானவர் கயிற்றை விட்டுக் குளத்தின் ஆழத்தை அளந்து அரசாங்கத்திற்கு அறிக்கை எழுதுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். புண்ணுக்குச் சுத்தமான நீரை விடச் சிறந்த மருந்து அன்று கலாவாவோவில் வேறு இல்லை என்பதை நினைத்தால் விந்தை மறைந்துவிடும்.

இறந்தவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. முன்பெல்லாம் உடலைத் துணியில் சுற்றி ஆழமில்லாத குழியில் இட்டு மூடினர். பன்றிகள் தோண்டும் நிலை இருந்தது. டேமியன் தம் வீட்டின் அருகே வேலியிட்ட இடுகாடு ஒன்றை அமைத்தார். சவப்பெட்டிகளைத் தாமே செய்தார். நோயாளிகள் தங்களுக்குள் சங்கம் அமைத்து, இறுதி ஊர்வலத்தை மேளத்தோடும் பாட்டோடும் நடத்தினர். தன் உடலுக்கு மரியாதை கிடைக்கும் என்ற உறுதி, உயிரோடு இருப்பவருக்கும் ஒரு தெம்பைத் தருகிறது. இசைக்குழு ஒன்றும் அங்கு உருவாயிற்று. விரல் குறைந்தவர்கள் ஒருவர் விட்ட கட்டையை மற்றவர் அழுத்தி, இருவராகச் சேர்ந்து ஓர் இசைப்பெட்டியை வாசித்தனர் என்று அங்குப் போய் வந்தவர்கள் கூறினர்.

பெற்றோர் இல்லாமல் தனியே அனுப்பப்பட்ட பிள்ளைகளும் பலர் இருந்தனர். வலுத்தவர்கள் அவர்களை வேலைக்காரர்களாக வைத்து, நோய் முற்றியதும் வெளியே துரத்திவிடும் கொடுமை நடந்துவந்தது. டேமியன் தம் வீட்டை ஒட்டியே சிறுவர்களுக்கு ஓர் இல்லமும் சிறுமிகளுக்கு ஓர் இல்லமும் கட்டினார். சமைப்பது, தைப்பது, பயிரிடுவது, படிப்பது எல்லாம் அங்கு நடந்தன.

இவையனைத்தையும் ஒருவரே செய்தார் என்று எழுதுவது எளிது. பலரும் அப்படித்தான் எழுதினர். அது முழு உண்மையன்று. குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்டேல் ஒரு நோயாளி. நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் புகழ்பெற்றிருந்த அவர், நோயென்று அறிந்ததும் 1873இல் தாமே முன்வந்து மொலோக்காய்க்கு வந்தவர். பின்னாளில் அப்பொறுப்பைப் பல ஆண்டுகள் வகித்த அம்புரோஸ் ஹட்சிசனும் நோயாளியே. டேமியனைப் பற்றி நாம் அறியும் செய்திகளுள் சில அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளிலிருந்து கிடைத்தவை. வீடு கட்டியவர்கள், குழாய் பதித்தவர்கள், குழி வெட்டியவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள். வெளியுலகம் அவர்களை வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கியிருந்தது. டேமியன் அவர்கள் கையில் சுத்தியலைக் கொடுத்தார்.

சுகாதார வாரியத்தோடு அவருக்கிருந்த உறவு இனிமையானதன்று. குடியிருப்புக்கு வந்த சில மாதங்களிலேயே, நோயாளிகளுக்கு விதித்த தடையை வாரியம் அவருக்கும் விதித்தது. மேலாளரான குரு ஒருவர் கப்பலில் வந்தபோது கரையிறங்க அனுமதியில்லை. டேமியன் படகில் கப்பலின் அருகே சென்று, கீழிருந்தபடியே, எல்லார் காதிலும் விழும்படி உரக்கத் தம் பாவ அறிக்கையைச் செய்தார் என்பது பலரும் சொல்லும் நிகழ்ச்சி. தடை பிறகு தளர்ந்தது. ஆனால், பலகை வேண்டும், துணி வேண்டும், மருந்து வேண்டும், நல்ல உணவு வேண்டும் என்று அவர் எழுதிய கடிதங்கள் ஓயவில்லை. வாரியத்தின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சிறிய நாடு, சிறிய வரவுசெலவு, அதில் கணிசமான பங்கு தொழுநோயாளிகளுக்குத்தான் போயிற்று. டேமியன் இந்தக் கணக்கைக் கேட்க மறுத்தார். மனிதர்களைக் குடும்பத்திலிருந்து பிடித்துவந்தது அரசாங்கம். அவர்களுக்குச் சோறும் துணியும் கூரையும் தருவது தருமமாகாது, கடமையாகும் என்பதே அவர் நிலை.

அவர் எளிதில் ஒத்துப்போகும் மனிதரும் அல்லர். முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. உதவிக்கு அனுப்பப்பட்ட குருமார்களோடு சண்டையிட்டார். அவர்களும் அவரோடு சண்டையிட்டனர். பல ஆண்டுகள் பேச்சுத்துணைக்குக்கூடத் தம்மைப் போன்ற ஒருவர் இல்லாத தனிமையில் கழித்தார்.

1881ஆம் ஆண்டு, அரச குடும்பத்திலிருந்து ஒருவர் கலாவாவோவுக்கு வந்தார். மன்னர் கலாகாவா அப்போது உலகப் பயணம் மேற்கொண்டிருந்தார். அப்பயணத்தில் அவர் சிங்கப்பூருக்கும் வந்தார். ஜொகூர் சென்று மகாராஜா அபு பக்காரின் விருந்தினராகவும் தங்கினார். நாட்டில் அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பைக் கவனித்த தங்கை, இளவரசி லிலியோகலானிதான் மொலோக்காய்க்கு வந்தவர். தம் மக்கள் நூற்றுக்கணக்கில் கடற்கரையில் கூடி நிற்பதைக் கண்ட இளவரசியால் பேச முடியவில்லை, கண்ணீர் பெருகிற்று. தலைநகர் திரும்பியதும் டேமியனுக்கு அரச விருதொன்றை அனுப்பிவைத்தார். டேமியன் அதை அணிந்துகொண்டதே அரிது. தச்சுவேலைக்கு அது இடைஞ்சல் என்று நினைத்திருக்கலாம்.

இந்தச் செய்தி வெளிநாட்டு இதழ்களில் வந்தது. கத்தோலிக்கத் துறவியின் பணிக்கு இலண்டனைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் சமயகுரு ஒருவர் நிதி திரட்டி, ஏறக்குறைய ஆயிரம் பவுனை அனுப்பினார். டேமியன் அதைக்கொண்டு நோயாளிகளுக்குத் துணி வாங்கினார். ஹொனலூலுவில் முகங்கள் சுளித்தன. ஹவாய் அரசாங்கம் தன் நோயாளிகளைக் கைவிட்டுவிட்டது என்று உலகம் எண்ணாதா என வாரியத் தலைவர் வருந்தினார். டேமியன் புகழைத் தேடுகிறார் என்று அவருடைய சபைத் தலைவர்களே குறைபட்டனர். துணி கிடைத்தவர்கள் இந்த வாதங்களில் கலந்துகொள்ளவில்லை.

1884ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு நாள், நெடுந்தூரம் நடந்து களைத்து வந்த டேமியன் கால்களை நீரில் அமிழ்த்தினார். நீர் கொதித்துக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. தோல் கொப்பளித்த பின்னரே கண்டார். வலி சிறிதும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக மற்றவர் கால்களில் அவர் பார்த்துவந்த அறிகுறி அது. யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறு ஆண்டு மருத்துவர்கள் அதை உறுதிப்படுத்தினர்.

தொழுநோய் அவ்வளவு எளிதில் தொற்றுவதில்லை. பெரும்பாலான மனிதர்களின் உடல் அதை எதிர்த்து வென்றுவிடும். டேமியனின் உடல் அவ்வாறு வெல்லாத சிலருடைய உடல்களுள் ஒன்றாக இருந்தது. 1886இல் சிகிச்சைக்காக ஹொனலூலு மருத்துவமனைக்குச் சென்றார். மன்னர் கலாகாவா நேரில் வந்து பார்த்தார். சில நாள்களிலேயே டேமியன் கலாவாவோவுக்குத் திரும்பிவிட்டார். திரும்பியதும், தலைநகரில் தாம் பெற்ற ஜப்பானிய மருத்துவர் கோட்டோவின் மூலிகைக் குளியல் சிகிச்சையைத் தம் ஊர்க்காரர்களுக்கும் கொடுப்பதற்காகக் குளியலறைகளைக் கட்டுவதில் இறங்கினார்.

நோய் முற்ற முற்ற வேலையின் வேகமும் கூடியது. தமக்குப் பின் யார் என்னும் கவலையும் வாட்டியது. அந்தக் கவலை தீரும்படி, கடைசி ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக ஆள்கள் வந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய யோசேப் டட்டன் 1886இல் வந்து, சிறுவர் இல்லத்தை ஏற்று, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே உழைத்தார். ஹொனலூலுவில் நோயாளிப் பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பராமரித்துவந்த அன்னை மரியான் கோப், 1888 நவம்பரில் சகோதரிகள் இருவரோடு மொலோக்காய் வந்து சிறுமிகளின் பொறுப்பை ஏற்றார். தேவாலயத்தைப் பெரிதாக்கும் வேலையில் டேமியன் கடைசிவரை கூரைமீது ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது 49. முதல் இரவுகளில் எந்தத் தாழை மரத்தின் அடியில் படுத்திருந்தாரோ, அதன் அடியிலேயே அவரைப் புதைத்தனர்.

அவர் இறந்த சில மாதங்களில், ஹொனலூலுவில் வசதியாக வாழ்ந்த சமயப் போதகர் ஒருவர், டேமியன் அழுக்கான, முரட்டுத்தனமான மனிதர் என்றும், நோயை அவரே தம் நடத்தையால் தேடிக்கொண்டார் என்றும் எழுதிய கடிதம் ஓர் இதழில் வெளியாயிற்று. புதையல் தீவு என்னும் கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அதைப் படித்தார். டேமியன் மறைந்த அடுத்த மாதம் கலாவுபாப்பாவில் எட்டு நாள்கள் தங்கி, நோயாளிகளிடம் நேரில் விசாரித்து வந்தவர் அவர். டேமியனின் குறைகளை அவர் மறைக்கவில்லை. நோயாளிகள் சொன்ன முணுமுணுப்புகளையும் சேர்த்தே எழுதினார். ஆனால், மற்றவர்கள் மாளிகையில் அமர்ந்திருந்தபோது அங்குப் போனவர் யார் என்று கேட்டு, 1890இல் அவர் வெளியிட்ட சினம் மிகுந்த பதில், உலகெங்கும் படிக்கப்பட்டது.

டேமியன் கலாவாவோவில் கால் வைத்த அதே 1873ஆம் ஆண்டில்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். ஆனால், பயனுள்ள மருந்து மொலோக்காய்க்கு வந்து சேர 1946ஆம் ஆண்டு ஆயிற்று. அதற்குள் ஹவாய் தன் சுதந்திரத்தை இழந்து அமெரிக்காவோடு இணைக்கப்பட்டிருந்தது. கட்டாயத் தனிமைச் சட்டம் மட்டும் அப்படியே நீடித்தது. ஹவாயில் மட்டுமா? தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. நம் நாட்டில் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவும், 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ குடியிருப்பும் அந்தக் காலத்தின் சாட்சிகள். மொலோக்காயில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் அந்தச் சட்டத்தின்கீழ் அனுப்பப்பட்டனர். அச்சட்டம் நீக்கப்பட்டது 1969ஆம் ஆண்டில்தான்.

விடுதலை வந்தபோது எல்லாரும் வெளியேறிவிடவில்லை. மருந்தால் குணமடைந்தவர்களுள் பலர், இதுவே தங்கள் வீடு என்று கூறி அங்கேயே தங்கினர். யாரையெல்லாம் சாவதற்கென்று அனுப்பினார்களோ, அவர்கள் அங்கு வாழ்ந்து முதுமையடைந்தனர்.

டேமியனின் உடல் இப்போது மொலோக்காயில் இல்லை. பெல்ஜிய அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 1936இல் அதைத் தோண்டியெடுத்து, கப்பலில் ஏற்றி, லூவென் நகரில் அடக்கம் செய்தனர். ஹவாய் மக்களுக்கு, குறிப்பாகத் தீவகற்பத்தில் வாழ்ந்த நோயாளிகளுக்கு, அது பெருந்துயரமாக இருந்தது. 1995ஆம் ஆண்டில் அவருடைய வலது கை மட்டும் திருப்பித் தரப்பட்டது. கலாவாவோவில், தேவாலயத்தை ஒட்டியிருந்த பழைய கல்லறையில் அந்தக் கையை வைத்து மூடினார்கள்.